இடது காலுக்கு ஒரு பெடல்

கல்கத்தா பஸ்ஸில் ஒரு பெண் இறங்க எழுந்தால் கண்டக்டர் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி, "ஆஸ்தே, லேடீஸ்" என்று டிரைவருக்குக் குரல் கொடுப்பார். மெதுவாகப் போ, பெண்கள் இறங்குகிறார்கள் என்று அர்த்தம். நான் இறங்கும்போது மட்டும் அந்தத் தட்டு நிற்கவே நிற்காது. சின்ன வயதில் போலியோ வந்து சூம்பிப்போன வலது கால் எனக்கு. தொடை வரை இரும்புச் சட்டம். அந்தக் காலை முதலில் தரைக்கு இறக்கி வைத்து, பிறகு என்னை இறக்கிக்கொள்வதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்ப்பார்கள். அன்பான ஊர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் காலையும் மாலையும் ஒரு பஸ் நிறைய இரக்கத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் எந்த மனுஷிக்கும் எரிச்சல் வரும். எனக்கோ பிறவியிலேயே மூக்குக்கு மேல் கோபம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. டல்ஹௌசி பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் நான் அதிகாரி. என் கணவருக்கு ரயில்வேயில் வரைபடப் பிரிவில் வேலை. பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில் குடியிருந்தோம். இருவரும் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்களுக்குச் சண்டை வந்தால் பாதிக்கு மேல் வங்காளத்தில்தான் நடக்கும். ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்குத் திரும்பியிருந்த மாமனார் காலமான பிறகு மாமியார் அங்கிருந்து எங்களோடு வந்து இருந்தார். நல்ல மனுஷி. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து என் வலது காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைப் பார்த்ததும் இல்லை. என் முகத்தைப் பார்த்துப் பேசுவார், இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துப் பேசுவார். அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வதா, மனக்குறை என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு விளங்கியதே இல்லை. கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை.

அந்த வருஷம் டாக்டர் என் இடது முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷமாக இரண்டு காலின் பாரத்தையும் இந்த ஒரு கால் சுமந்து களைத்துவிட்டது, இன்னும் பஸ் ஏறிக்கொண்டிருந்தால் இதுவும் போய்விடும் என்றார். மெட்ரோவுக்குப் போகலாம் என்றால் பாதாளம் வரை படிகள். டாக்ஸிக்காரர்களோ கண்ணாடியை இறக்காமலேயே "ஜாபோ நா", வரமாட்டேன் என்று சொல்லப் பழகியவர்கள். நான் வேலையை விட வேண்டியிருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த வேலையில் எனக்குப் பெரிய பெருமை இருந்தது. கோப்பைத் திறந்துகொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது எனக்கும் எதிரே இருப்பவருக்கும் காலில் எந்த வித்தியாசமும் கிடையாது.

அப்போதுதான் தண்ணீர் ஒழுகுகிறதென்று பார்க்கக் கீழே கேரேஜுக்குப் போன என் கணவர், திரும்பி வந்து குழாயைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். 

"ரெண்டே பெடல்தான் இருக்கு."

கேரேஜில் வீட்டுக்காரரின் அமெரிக்க வண்டி தார்ப்பாயின் கீழே பல வருஷமாகக் கிடந்தது. இந்த ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அவர் இளவயதில் வாங்கியது. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், தெருவுக்குப் பாதி நீளத்துக்கு ஒரு மூக்கு, இடது பக்கம் ஸ்டியரிங். அவருக்கு இதயம் பலவீனமாகி ஓட்டக்கூடாது என்றான பிறகு அது பூனைகளின் பிரசவ ஆஸ்பத்திரியாகிவிட்டது. தெருவில் அதைக் கப்பல் என்பார்கள். ஆனால் அதற்கு கியர் தானாக மாறும். கிளட்ச் இல்லை. அந்தக் காலத்தில் இந்தியாவில் விற்ற எந்த வண்டியிலும் மூன்று பெடல். ஒற்றைக் காலால் ஓட்ட முடியாது. இதில் ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் மட்டும். ஆக்ஸிலரேட்டரை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் என் இடது கால் ஒன்றே போதும்.

வீட்டுக்காரரை நாங்கள் மேசோமஷாய் என்று அழைப்போம், சித்தப்பா முறை. என்னை அவர் பௌமா என்பார், மருமகள் என்று. விஷயத்தைச் சொன்னதும் அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, ஓட வைத்தால் நீயே ஓட்டு பௌமா, அது என் வீட்டில் செத்துப்போவதைவிட உன் கையில் இருப்பது நல்லது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். சாவி துருப்பிடித்திருந்தது. 

அதன் பிறகு எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. என் கணவர் எந்த வேலையையும் அவசரமாகச் செய்யத் தெரியாதவர். ஸ்குரூவுக்கும் ஜாதகம் எழுதிவிட்டுத்தான் கழற்றுவார். மேசோமஷாய் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டு குறை சொல்லுவார். டீ வந்த மண் குவளைகளைத் தூக்கிப் போட விடமாட்டோம். ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியின் நட்டும் போல்ட்டும். சந்தேஷ் இனிப்பு வந்த அட்டைப் பெட்டிகளில் பெரிய சாமான்கள். எதில் எது என்று என் கணவர் தமிழில் எழுதி ஒட்டியதால் மேசோமஷாயால் எதிலும் கை வைக்க முடியவில்லை. அதற்காகவே தமிழில் எழுதினார் என்பது என் சந்தேகம்.

வயரையெல்லாம் எலி தின்றிருந்தது. டியூப்களைத் தொட்டால் அப்பளமாக நொறுங்கின. மல்லிக் பஜாரில் பழைய பாகங்கள் விற்கும் சந்துகளில் என் கணவர் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். டாக்ஸியின் பிரேக் ரப்பர் ஒன்று, ஜீப்பின் பெட்ரோல் பம்ப் ஒன்று என்று பொருந்துகிறதையெல்லாம் வாங்கி வந்தார். அங்கே பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: இந்த எஞ்ஜின் பெட்ரோலைக் குடித்தே உங்களை ஓட்டாண்டியாக்கும், தூக்கிப் போட்டுவிட்டு ஒரு டீசல் எஞ்ஜினை வையுங்கள். மேசோமஷாய்கூட அரை மனதாகத் தலையாட்டினார். ஆனால் டீசல் எஞ்ஜினோடு அதன் கியர்பெட்டியும் வரும், கியர்பெட்டியோடு கிளட்ச் வரும். அந்த மூன்றாவது பெடல் எங்களுக்கு வேண்டாம் என்று என் கணவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நான் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலையெல்லாம் என்னுடையது. துரு சுரண்டினேன். அட்டையில் கேஸ்கெட் வெட்டினேன். கடைசியாக, எஞ்ஜினுக்கு மழைக்காலத்தில் ஒருவழியாக இருமி இருமி உயிர் வந்ததும், கார்புரேட்டரைக் கழற்றி முழுதாகச் சுத்தம் செய்கிற வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்ஜினுக்கு ஊட்டுகிற பாகம் அது. உள்ளே ஊசி நுழையாத ஓட்டைகள். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் கிண்ணத்தில் பெட்ரோலுமாக உட்கார்ந்தேன். வீடே பெட்ரோல் பங்க் வாசனை அடித்தது. மாமியார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் போவார், ஒன்றும் சொல்லமாட்டார். முடித்து வைத்தபோது அது பளபளவென்று இருந்தது. என் கையால் செய்ததில் அவ்வளவு அழகான பொருள் வேறெதுவும் இல்லை. நான் செய்த மைசூர்பாகையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதற்குள் இரண்டு பண்டிகைகள் வந்து வேலையை நிறுத்தின. முதலில் விஸ்வகர்மா பூஜை. அன்றைக்கு யாரும் கருவியைத் தொடக்கூடாது என்று மேசோமஷாய் கேரேஜைப் பூட்டிவிட்டார். ஊர் முழுக்கப் பட்டம் விட்டது, அறுந்த பட்டங்கள் எங்கள் மாடியில் விழுந்தன. கொஞ்ச நாளில் நவராத்திரி. வங்காளிகளுக்குத் துர்கா பூஜை, எங்களுக்கு ஆயுத பூஜை. இந்தத் தடவை கேரேஜில் இருக்கிற ஒரு கருவி பாக்கியில்லாமல் மேலே வர வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி, கிரீஸ் டப்பா எல்லாம் புத்தகங்களோடு சாமி முன்னால் அடுக்கப்பட்டன. நடுவில் என் கார்புரேட்டர். வெளியே பூஜைப் பந்தலில் டாக் மேளம் அடித்த சத்தத்தில் அந்த வருஷம் எங்கள் வீட்டு மணிச் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை.

விஜயதசமி கழிந்ததும் கருவிகளை எடுத்து, சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்து, கார்புரேட்டரை வண்டியில் மாட்டினோம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் எஞ்ஜின் கர்ஜித்தது. மேசோமஷாய் எழுந்து நின்றுவிட்டார். காலை எடுத்ததும் அணைந்தது.

திரும்பக் கிளப்பினோம். காலை வைத்திருக்கும்வரை ஓடியது, எடுத்தால் செத்தது. சும்மா நிற்கும்போது தானாக ஓட வேண்டிய எஞ்ஜின், ஓட மறுத்தது. என் கணவர் அதைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காண்பித்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு காலால் பிரேக்கை மிதித்து, இன்னொரு காலால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டுக்கொண்டே இருந்தார். இறங்கி வந்து, இது பெரிய குறையில்லை என்றார்.

"லேசா அழுத்தியே பிடிச்சுக்கோ, போதும்."

"எந்தக் காலால?" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கேட்டிருக்கவேண்டாம் என்று தோன்றியது. இரண்டு கால் உள்ள யாருக்கும் அது ஒரு சில்லறைக் குறை. எனக்கு அது மட்டும்தான் குறை. என் கால் ஒரு பெடலிலிருந்து இன்னொரு பெடலுக்குப் போகிற நேரத்தில் அந்த எஞ்ஜின் தன் பாட்டுக்கு ஓடியாக வேண்டும். இல்லாவிட்டால் நடுத்தெருவில் அணையும். அணைந்தால் பிரேக்கும் கல்லாக இறுகிவிடும்.

இடது பெடல் அதற்குள் தயாராகிவிட்டிருந்தது. இடது மூலையில் காலால் அழுத்துகிற பார்க்கிங் பிரேக் இருந்தது. அதை எடுத்துக் கைக்கு மாற்றி, அந்த இடத்தில் புதுப் பெடலைப் பொருத்தி, ஒரு இரும்புத் தண்டால் அதை ஆக்ஸிலரேட்டரோடு இணைத்திருந்தார் என் கணவர். என் வலது பூட்ஸ் தவறிப்போய் எதையும் மிதித்துவிடாமல் இருக்க ஒரு தகரத் தடுப்பும் உண்டு. மோட்டார் அலுவலகத்தில் வண்டியைச் சோதித்து எனக்கு உரிமம் தருவதற்கு, விஜயதசமிக்குப் பின் பௌர்ணமியன்று வரும் லக்ஷ்மி பூஜை முடிந்த மறுநாள் என்று தேதி கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல அவர்களுக்கே தெரியவில்லை. என் முழங்கால் அதுவரை காத்திருக்காது. தேதி தவறினால் வேலையை விட்டுவிடுவது என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

எஞ்ஜினின் வேகத்தைத் திருகாணியில் கூட்டி வைத்துப் பார்த்தோம். அணையவில்லை, ஆனால் வண்டி பிரேக்கை மீறிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. டாக்குரியா ஏரிக்கரைச் சாலையில் ஒத்திகை பார்த்தபோது மீன் கூடையோடு வந்த ஒரு சைக்கிள்காரர் நூலிழையில் தப்பினார். அவர் என்னைத் திட்டியதில் எனக்கு வருத்தமில்லை. இரக்கப்படாமல் திட்டினார் என்பதில் ஒரு சந்தோஷம்கூட. ஆனால் அன்றைக்கு இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

தப்பு கார்புரேட்டரில்தான் இருக்க வேண்டும். அதாவது என்னிடம். மறுபடி மேஜையில் பிரித்துப் போட்டேன், மறுபடி பெட்ரோலில் ஊற வைத்தேன், பிரஷ்ஷால் தேய்த்தேன். மாட்டினோம், அணைந்தது. மறுபடி கழற்றினேன். லக்ஷ்மி பூஜையன்று பிற்பகல், மேசோமஷாய் வீட்டு வாசலில் அரிசிமாவால் லக்ஷ்மியின் பாதங்களைக் கோலமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மேலே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, எதிரே அந்தப் பளபளக்கிற சனியனை வைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். என் கணவர் பக்கத்தில் ஸ்குரூடிரைவரைப் பிடித்தபடி நின்றார்.

மாமியார் அடுக்களையிலிருந்து வந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார்.

"பொட்டை அழிச்சிட்டியளா," என்றார். "நெத்தி மாதிரி வட்டமா இருக்குல்லா, அந்த இடத்துல வச்சேன். நெறைய வச்சிட்டேன்போல. சந்தனம் ஒழுகி அந்தக் குட்டி ஓட்டைக்குள்ள போயிட்டு. தொடச்சா பொட்டு கலைஞ்சிருமேன்னு விட்டுட்டேன்."

நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எந்த ஓட்டை என்று அவர் மெதுவாகக் கேட்டார். மாமியார் விரலை நீட்டி, கார்புரேட்டரின் மேல் விளிம்பில் இருந்த ஒரு கடுகு அளவு துளையில் வைத்தார். சும்மா நிற்கும்போது எஞ்ஜின் ஓடுவதற்கான வழி அதுதான். வெளியே இருந்ததைத் துடைத்துவிட்டோம். உள்ளே இறங்கி இறுகியதை யார் பார்த்தது? நானோ அதைத் திரும்பத் திரும்பப் பெட்ரோலில் முக்கிக்கொண்டிருந்தேன். சந்தனம் பெட்ரோலில் கரையாது. தண்ணீரில்தான் கரையும். உலகத்தில் எவனும் கார்புரேட்டரை வெந்நீரில் கழுவ மாட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணோடு வயிறு வலிக்கச் சிரித்தேன். என் கணவர் வெந்நீர் போடப் போனார். மாமியாருக்கு விஷயம் புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. சாமிக்கு முன்னால் வைத்ததா கெடுத்துவிட்டது என்று முணுமுணுத்தார். எனக்கு அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. அத்தனை ஸ்பானர் இருந்ததே அத்தை, அதுக்கெல்லாம் பேருக்கு ஒரு புள்ளி, இதுக்கு மட்டும் ஏன் கல்யாணப் பொண்ணுக்கு வைக்கிற மாதிரி என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன்.

"அதெல்லாம் கடையில வாங்கினது," என்றார். "இது நீ செஞ்சதுல்லா. பெத்த பிள்ளையைக் குளிப்பாட்டுத மாதிரி உக்காந்து கழுவினியே. அதான் கூட வச்சேன்."

 முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போனவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறார். வெந்நீர் வந்தது. மாமியாரே தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் கொடுத்தார். துளையில் வெந்நீரை விட்டு ஈர்க்குச்சியால் மெல்லக் குத்தியபோது மஞ்சளாகக் கரைந்து வந்தது. வீட்டில் அன்றைக்குப் பெட்ரோலோடு சந்தன வாசனையும் அடித்தது.

மாட்டிக் கிளப்பினோம். நான் இடது காலைப் பெடலிலிருந்து எடுத்தேன். எஞ்ஜின் குரல் தணிந்தது, ஒரு குலுக்குக் குலுங்கியது, பிறகு அப்படியே நிதானமாக ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் நால்வரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மாமியார் கேரேஜுக்குள் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மறுநாள் சோதனைக்கு வந்த அதிகாரி, ஸ்டியரிங் இல்லாத வலப்பக்கத்தில் உட்கார நேர்ந்ததில் என்னைவிட அதிகமாகப் பயந்தார். ஹாஸ்ரா நாற்சந்தியில் டிராம் குறுக்கே வந்தது. என் கால் ஒரு பெடலை விட்டு இன்னொன்றுக்குப் போனது. வண்டி நின்றது, எஞ்ஜின் நிற்கவில்லை. அதிகாரி குனிந்து என் காலைப் பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். திரும்பும் வழியெல்லாம் தன் மைத்துனரின் வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

அந்தக் கப்பலை நான் இரண்டாயிரத்துக்குப் பிறகும் பல வருஷம் டல்ஹௌசிக்கு ஓட்டினேன். சம்பளத்தில் நல்ல பங்கைக் குடித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். சின்ன ஆட்டோமேடிக் வண்டிகள் நம் ஊரிலேயே வந்த பிறகு ஒன்றை வாங்கி, அந்த இடது பெடலை அதற்கு மாற்றிக்கொண்டேன். ஓய்வு பெறும் நாள் வரை வேலையில் இருந்தேன். இடது முழங்கால் இன்னும் என்னோடு இருக்கிறது. இதற்கெல்லாம் யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்தால் துருப்பிடித்த சாவியும் பெடலை எண்ணிப் பார்த்த ஒரு மனிதரும் முதலில் நினைவுக்கு வருவார்கள். ஆனால் மனம் போய் நிற்பது அடுத்த வருஷத்து ஆயுத பூஜையில்.

அந்தத் தடவை மாமியார் கருவிகளை மேலே கொண்டுவரச் சொல்லவில்லை. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அவரே கேரேஜுக்கு இறங்கி வந்தார். காளிகாட்டிலிருந்து மேசோமஷாய் வாங்கி வந்த செம்பருத்தி மாலையை வண்டியின் மூக்கில் போட்டோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் கதவைத் திறந்துகொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எஞ்ஜின் பக்கம் தாம்பாளத்தோடு போனவரிடம் என் கணவர், அம்மா, அதுக்குள்ள எங்கயும் வேண்டாம் என்று கெஞ்சினார். எனக்குத் தெரியாதா என்று அவர் திரும்பி என் பக்கம் வந்தார். தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இடது பெடலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எழுந்திருப்பார் என்று நினைத்தேன். எழவில்லை. என் வலது காலைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். நான் புடவையை இழுத்து மூடுவதற்குள், முழங்காலுக்குக் கீழே தெரிந்த இரும்புச் சட்டத்தில் சந்தனத்தை அழுத்தி வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார்.

"இதும் தினம் வேல செய்யுததுதானம்மா," என்றார். "இத்தன வருஷமா இதை விட்டுட்டேனே."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விட மனமில்லை. வண்டி ஏதும் வருகிறதா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த மேசோமஷாய்க்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது. அவர் வண்டியின் கூரையை இரண்டு தட்டுத் தட்டி, "ஆஸ்தே, பௌமா, ஆஸ்தே" என்று குரல் கொடுத்தார். எனக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை. வண்டியைக் கிளப்பி, அவர் சொன்னபடியே மெதுவாக எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினேன்.